கூண்டை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?



மலேசியாவில் செரண்டா பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் காலையில் நடந்தால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து பறவைச் சத்தம் கேட்காமல் இருக்காது. லவ் பேர்ட்ஸ், காக்கட்டியல், எங்காவது ஒரு பச்சைக்கிளி. தோட்டத்தை விட்டு வந்தும் பறவை ஆசை நம்மை விடவில்லை. ஆனால் தோட்டத்து லய வீட்டில் முன்வாசல் தாழ்வாரத்தில் தொங்கிய கூண்டு, வரிசை வீட்டுக்கு வந்ததும் சமையலறைப் பக்கம் போய்விட்டது. வம்பே அங்கேதான்.

கிளியின் மூச்சு நம்முடையது மாதிரி இல்லை. நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்து வேலை செய்வதால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று நுரையீரல் வழியே ஓடிக்கொண்டே இருக்கும். பறக்கிற உயிருக்கு அது வரம். கெட்ட காற்றில் அதுவே எமன். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை முன்கூட்டி அறிய 1986 வரை கேனரிக் குருவியை வைத்திருந்தது இதனால்தான். நான்ஸ்டிக் சட்டியை வெறுமனே அடுப்பில் ஏற்றிவிட்டு போன் பேசப் போனால், அளவுக்கு மீறிச் சூடேறிய பூச்சு நச்சுப்புகை விடும். நமக்குத் தொண்டை கரகரப்பதற்குள் கிளி கூண்டின் அடியில் விழுந்து கிடக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் ராத்திரிக் கொசுவத்தியும்கூட அதற்கு ஆகாது. சாம்பிராணியை நிறுத்தச் சொல்லவில்லை, கூண்டைத் தள்ளி மாட்டுங்கள் என்கிறேன்.

தீனி விஷயத்தில் நம் பாசம் கொஞ்சம் அதிகம். தே தாரிக் தேநீரில் ரொட்டியை நனைத்து ஊட்டுகிறவர்கள் உண்டு. பிள்ளைக்கே அது நல்லதில்லை, கிளிக்கு எதற்கு? சூரியகாந்தி விதையை மட்டுமே போட்டு வளர்த்தால் கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ குறையும். பப்பாளி, கேரட், கீரை கொடுங்கள். பச்சை மிளகாயும் கொடுக்கலாம். அதன் காரம் பறவைக்கு உறைக்காது. ஆனால் அவகாடோவும் சாக்லேட்டும் விஷம்.

உடம்புக்கு முடியாததைக் கிளி வெளியே காட்டாது. இறகை உப்பிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால், அது ஏற்கெனவே ரொம்ப முடியாமல் இருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

நம் நாட்டுக் காட்டுக் கிளியையும் மலை மைனாவையும் வனவுயிர்த் துறையான பெர்ஹிலித்தானின் உரிமமில்லாமல் வைத்திருப்பது 2010ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பசார் மாலாம் இரவுச் சந்தையில் யாரோ கொடுத்தார்கள் என்பது சட்டத்தின் முன் எடுபடாது. வாங்குமுன் வயதையும் கணக்குப் போடுங்கள். காக்கட்டியல் 15, 20 வருஷம் இருக்கும்; ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40ஐத் தாண்டும். ஐம்பது வயதில் அதை வாங்குகிறவர், பிற்பாடு யார் பார்த்துக்கொள்வார் என்று வீட்டில் கேட்டுவிடுவது நல்லது.

வளர்க்க முடியவில்லையென்றால் திறந்துவிட்டுப் புண்ணியம் தேடாதீர்கள். கூண்டிலேயே பிறந்த பறவைக்கு வெளியே இரை தேடத் தெரியாது. தப்பிப் பிழைத்துப் பெருகினாலும் வேறு தொல்லை. கிள்ளான் காகங்கள், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வம்சம். காப்பி போய் ரப்பர் வந்து, ரப்பர் போய் செம்பனையும் வந்துவிட்டது; காகம் போகவில்லை. பறவை வளர்த்துப் பழகிய ஒருவர் கையில் ஒப்படைத்துவிடுங்கள்.

லயத்து வீட்டில் பேசிய மைனாக்களின் கதை இருந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுவோம். இப்போது வளர்ப்பதன் படமும் அனுப்பலாம்; உரிமம் தேவைப்படும் பறவையென்றால், உரிமத்தை முதலில் எடுத்துவிட்டு!

அன்புடன்,
ஆசிரியர்