இரும்பு மனிதனுக்கு என்ன விலை?

சென்ற இரண்டு இதழ்களில் இப்பகுதியில் பழைய தையல் இயந்திரத்தையும் வெண்கல உருளியையும் மதிப்பிட்டோம். இத்திங்கள் நம்மிடம் வந்திருப்பது ஒரு பொம்மை. பொம்மை என்றதும் நேயர்கள் நகைத்துவிட வேண்டா. அதனை விற்றால் ஒரு பெண்ணின் கல்லூரி விடுதிக் கட்டணத்தில் எவ்வளவு தேறும் என்பதே நம்மிடம் கேட்கப்பட்ட கேள்வி.

கேட்டவர் நம் சங்கத்து அன்பர். பெயர் வேண்டா என்றார். ஓய்வு பெற்று, மும்பையில் நெடுநாள் வாழ்ந்த ரயில்வே குடியிருப்பைக் காலி செய்யும் நிலையில் இருக்கிறார். அவர் மகன் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டின் போனஸ் பணத்தில், முப்பத்திரண்டாயிரம் ரூபாய் கொடுத்து இந்தப் பொம்மையை வாங்கினானாம். இப்போது தங்கைக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதிக்கு நாற்பத்தெட்டாயிரம் கட்ட வேண்டும். “விற்றுவிடுங்கள், அப்பா” என்று மகனே முன்வந்து சொல்லியிருக்கிறான். தந்தைக்கு அதற்கு ஆயிரம் ரூபாயாவது வருமா என்ற ஐயம். தாய்க்கோ, பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருளை விற்பதா என்ற வருத்தம். இதற்கிடையில் நகரத்து வணிகர் ஒருவர் வந்து பார்த்து, ஒன்பதாயிரம் தருகிறேன் என்று கூறிச் சென்றிருக்கிறார்.

முதலில் இது இன்னதென்று அறிவோம். அமெரிக்கச் சித்திரக்கதை இதழ் ஒன்றில், 1963-ஆம் ஆண்டு மார்ச் மாதத் தேதியிட்ட இதழில், ‘அயர்ன் மேன்’ என்னும் வீரன் முதன்முதலில் தோன்றினான். செல்வந்தனான பொறியியல் வல்லுநன் ஒருவன் தானே வார்த்த கவசத்தை அணிந்து பறந்து போரிடுவான் என்பது கதை. 2008-ஆம் ஆண்டில் ஜான் ஃபேவ்ரோ இயக்கத்தில், ராபர்ட் டௌனி ஜூனியர் நடிக்க, அது திரைப்படமாக வந்தது. படத்தில் அவன் செய்யும் மூன்றாவது கவசமே சிவப்பும் பொன்னிறமும் கலந்தது. இரண்டாவது கவசம் வெள்ளி நிறமுடையது. மிக உயரத்தில் பறக்கையில் அதன்மேல் பனி உறைந்துவிட்டதால் வேறு உலோகக் கலவையில் மூன்றாவதைச் செய்தான் என்று கதை போகும். நம்மிடம் வந்த பொம்மை அந்த மூன்றாவது கவசத்தின் உருவம். ஹாங்காங்கில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஹாட் டாய்ஸ் நிறுவனத்தார் செய்தது.

எந்தக் கவசம் என்று எவ்வாறு அறிவது? மார்பிலுள்ள விளக்கைப் பார்க்க வேண்டும். மூன்றாவது கவசத்தில் அது வட்டமானது. 2010-ஆம் ஆண்டின் இரண்டாம் படத்தில் வரும் ஆறாவது கவசத்தில் அது முக்கோணமாக இருக்கும். வட்டம் இருப்பதால் மட்டும் மூன்றாவது என்று துணிந்துவிடவும் கூடாது. வேறு சில கவசங்களிலும் வட்டமே உண்டு. ஆகவே பெட்டியின் எழுத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இத்தகைய பொம்மைகளை ‘ஆக்ஷன் ஃபிகர்’ என்பர். 1964-ஆம் ஆண்டில் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற போர்வீரனை ஏறத்தாழ ஓரடி உயரத்தில் செய்தபோது, பொம்மை என்றால் பையன்கள் வாங்கமாட்டார்கள் என்று அஞ்சி இந்தப் பெயரைச் சூட்டினார்கள். அந்த ஓரடி உயரம் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆறடி மனிதனை ஆறில் ஒரு பங்காகக் குறைத்தால் ஓரடி. நம் தொழிலை ஒட்டிச் சொல்வதானால், அகலப் பாதையின் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1676 மில்லிமீட்டர். ஆறில் ஒரு பங்கு 279 மில்லிமீட்டர். அந்த அளவில் ஒரு பாதை அமைத்து இந்தப் பொம்மையைக் குறுக்கே கிடத்தினால், உண்மையான மனிதன் ஒருவன் கிடப்பது போலவே தலையோ காலோ தண்டவாளத்தின்மேல் படும். இது குழந்தை விளையாட்டுக்குச் செய்த கணக்கு அன்று என்பது இதனால் விளங்கும்.

இனி மதிப்பீடு. பொம்மையைக் கையில் எடுத்ததும் கனம் தெரிந்தது. கவசத்தின் பகுதிகள் சில வார்ப்பு உலோகம், ஏனையவை பிளாஸ்டிக். 2013-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் படத்தை ஒட்டித்தான் இந்நிறுவனத்தார் உலோகம் கலந்த வரிசையைத் தொடங்கினர். முதற்படத்தின் கவசத்தைப் பின்னாளில் உலோகத்திலும் செய்தனர். முன்னர் வந்தது பிளாஸ்டிக். இரண்டுக்கும் விலை வேறு. வணிகர் இதனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையாம்.

வண்ணம் நன்றாக இருக்கிறது. முழங்கால், முழங்கை மூட்டுகள் இறுக்கமாக நிற்கின்றன. மூட்டு தளர்ந்து பொம்மை தானே நிற்க இயலாமற் போனால் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். மும்பை மழைக்காலத்தை எண்ணி நாம் அஞ்சியது வேறொன்று. துணியும் செயற்கைத் தோலும் போர்த்திய வீரர்களின் ஆடை, காற்றின் ஈரத்தால் சில ஆண்டுகளில் வெடித்து உதிர்ந்துவிடும். பாலியூரித்தேன் பூச்சின் இயல்பு அது. பெட்டிக்குள் வைத்தாலும் தப்பாது. இந்த வீரனுக்கு ஆடை கிடையாது, கவசமே உடல். அவ்வகையில் நற்பேறு.

ஆனால் முதுகுப் பகுதியைத் திறந்தபோது குறை வெளிப்பட்டது. கண்ணிலும் மார்பிலும் விளக்கு எரிவதற்காக இட்ட சிறு பொத்தான் மின்கலங்கள் எடுக்கப்படாமலே இருந்து கசிந்திருந்தன. தகடுகளில் வெண்பச்சைப் பூ பூத்திருந்தது. காரக் கசிவாதலால் பஞ்சுக் குச்சியில் சிறிது வினிகரைத் தோய்த்துத் துடைத்து, ஈரம் போக உலர்த்தினோம். மார்பு விளக்கு எரிந்தது, கண்கள் எரியவில்லை. நேயர்கள் வீட்டில் இத்தகைய பொருள் எது இருந்தாலும், அது பிள்ளைகளின் பொம்மைக் கார் ஆனாலும், எடுத்து வைக்கும் முன் மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். மாற்றிப் பொருத்தும் கைகளில் ஒன்றும் காணவில்லை.

போலியா என்றும் பார்த்தோம். பெட்டியில் உரிமம் பெற்ற விவரம் தெளிவாக அச்சாகியுள்ளது. எழுத்து மங்குதல், வண்ணம் கோடு தாண்டுதல், அளவுக்கு மீறிய மலிவு ஆகிய போலியின் அடையாளங்கள் இல்லை.

அடுத்தது பெட்டி. “பெட்டிக்கா விலை?” என்று அன்பர் கேட்டார். ஆம், பெட்டிக்குத்தான். 1977-ஆம் ஆண்டில் ஸ்டார் வார்ஸ் படம் வெளிவந்தபோது கென்னர் என்ற நிறுவனத்தாரிடம் பொம்மைகள் ஆயத்தமாக இல்லை. கிறிஸ்துமஸ் விற்பனையை இழக்க மனமின்றி, வெறும் அட்டை உறையை ஒரு சீட்டுடன் விற்றார்கள். சீட்டை அனுப்பியவர்களுக்கு மறு ஆண்டில் பொம்மைகள் வந்து சேர்ந்தன. மக்கள் அதையும் வாங்கினார்கள். சேகரிப்போர் உலகில் அட்டைக்கு உள்ள மதிப்பு அப்படிப்பட்டது. நம் கொலுப் பொம்மைக்கு எவரேனும் வைக்கோலையும் பழந்துணியையும் விலை பேசுவரோ!

கொலு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அழகிய உட்பெட்டி பத்திரமாக இருந்தது; அதனைச் சுற்றி ஆலையிலிருந்து வந்த பழுப்பு அட்டைப்பெட்டியைக் காணோம் என்று ஒன்பதாயிரத்துக்கு ஒரு காரணம் காட்டியிருந்தார் வணிகர். அது பரணிலேயே இருந்தது. அதற்குள் தசாவதாரச் செட்டு குடியேறியிருந்தது. அவதாரங்கள் பத்தையும் வேறு பெட்டிக்கு மாற்றும்போது அன்பரின் மனைவியார் முதன்முறையாகச் சிரித்தார்.

விலை இந்நாட்டில் ஏன் இவ்வளவு என்று அன்பர் வினவினார். பொம்மைகளுக்கான இறக்குமதிச் சுங்கம் 2020-இல் நூற்றுக்கு 20-இலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. கப்பற் கூலியும் வணிகர் இலாபமும் அதன்மேல் ஏறும். ஆயினும் சுங்கம் கூடியதால் பழையதற்கு விலை கூடும் என்று காத்திருப்பது பேதைமை. அதே வீரனை நிறுவனத்தார் புதிதாக, இன்னும் நேர்த்தியாக மறுபடி வெளியிட்டால் பழையதன் விலை சரியும். எவரோ எழுதிவைத்த கேட்கும் விலையைக் கண்டு மயங்குவதும் ஆகாது; விற்று முடிந்த விலையே விலை.

நம் கணிப்பு இது. கண் விளக்கு எரியாதது, ஒரு கை குறைந்தது ஆகியவற்றை மறைக்காமல் எழுதி, இரு பெட்டிகளையும் படத்தில் காட்டி, இருபத்தோராயிரம் கேட்கலாம். பத்தொன்பதுக்குக் கீழ் இறங்க வேண்டா. விடுதிக் கட்டணத்தில் அது பாதியும் ஆகாது என்பதை அன்பரிடம் ஒளிக்காமல் சொன்னோம். மீதியை வேறு வழியில் தேடத்தான் வேண்டும். தாயார் வருந்துவது நமக்குப் புரிகிறது. எனினும் மகன் மனமுவந்து கொடுத்ததை மறுத்து, வீடு மாற்றும் கூட்டத்தில் இதையும் உடைத்துக்கொள்வதில் யாருக்கு என்ன பயன்? விற்பதே சரி என்றோம். அவரும் கடைசியில், “அவளிடம் மட்டும் இப்போது சொல்ல வேண்டாம், தம்பி” என்று இசைந்தார்.

ஐதராபாத்திலிருந்து ஒருவர் இருபதாயிரத்துக்குக் கேட்டிருக்கிறார். ரயில் பார்சலில் அனுப்பலாமா என்பது அன்பரின் இறுதிக் கேள்வி. இதற்கு நாம் மேசைக்கு இப்புறமிருந்து விடை கூறுகிறோம். மதிப்பை அறிவித்து அதற்குரிய விகிதக் கட்டணம் செலுத்தாவிடில், 1990-ஆம் ஆண்டு விதிகளின்படி பார்சலுக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய்தான். இரு பெட்டிகளுடன் மூன்று கிலோ என்று கொண்டால், இரும்பு மனிதன் வழியில் நொறுங்கினால் கிடைப்பது 150 ரூபாய். மதிப்பை எழுதி, கட்டணம் கட்டி, சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மின்கலங்களைக் கழற்றியாயிற்றா என்று மூடும்முன் மறுபடி பாருங்கள்.