இடம் எங்கே சார்?

தெரிந்த பையன் ஒருவன் மலையேறிவிட்டு வந்து செல்போனை நீட்டினான். "சார், இது என்ன பூ?"

மஞ்சள் பூ. இதழ்களின் நடுவே பழுப்புக் கோடு. கீழே குட்டிச் செருப்பின் முன்பக்கம் மாதிரி ஒரு பை. இலையில் திட்டு எதுவும் இல்லை, வெறும் பச்சை. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. 1865-ல் கர்னல் ட்ரூரி என்ற வெள்ளைக்காரர் திருவிதாங்கூர் மலையில் கண்ட செருப்பு ஆர்க்கிட்! தீபகற்ப இந்தியாவில் இந்த இனத்தில் இது ஒன்றுதான், சொந்தக்காரர்களெல்லாம் வடகிழக்கில். அகத்தியமலைப் பக்கம் உயரத்தில், பாறைக்கும் புல்லுக்கும் நடுவே மட்டும் பிழைத்துக் கிடக்கிறது.

சொல்லித் தொலைத்தேன். பையன் அடுத்த நிமிஷமே பத்து குரூப்புக்கு அனுப்பிவிட்டான். எந்தப் பாறை, பாதையில் எந்தத் திருப்பம், சகலமும் சேர்த்து!

"நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானே சார் காப்பாத்துவாங்க?"

எந்த நாலு பேருக்கு? வனத்துறைக்கும் தாவரவியல்காரருக்கும் தெரியட்டும். ஆர்க்கிட் வியாபாரிக்கு எதற்கு? 1991-லேயே வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்த ஆறே ஆறு செடிவகைகளில் செருப்பு ஆர்க்கிட்டும் ஒன்று. பிடுங்கினால் குற்றம். சட்டம் எழுதியவர்கள் பாறைக்குப் பாறை போலீஸ் நிறுத்த முடியுமா?

இங்கிலாந்துக்காரனைப் பாருங்கள். அங்கேயும் சுண்ணாம்புக்கல் காடுகளில் ஒரு செருப்பு ஆர்க்கிட் இருந்தது. அழகாக இருக்கிறதே என்று தோண்டித் தோண்டியே தீர்த்தார்கள். 1917-ல் 'அழிந்தது' என்று எழுதியாகிவிட்டது. 1930-ல் யார்க்‌ஷயரில் ஒரே ஒரு செடி தலைகாட்டியது. பார்த்தவர்கள் தம்பட்டம் அடித்தார்களா? வாயையே திறக்கவில்லை. பூக்கிற காலத்தில் பக்கத்திலேயே காவல் இருந்தார்கள். பிறகு கியூ தோட்டத்தார் விதையிலிருந்து நாற்று வளர்த்துக் காட்டில் நட்டு, அதில் முதல் பூ மலர்ந்தது 2000-ல். எழுபது வருஷம்! நம்மால் ஏழு நிமிஷம் சும்மா இருக்க முடியவில்லை.

'தோண்டிக் கொண்டுவந்து தொட்டியில் வளர்த்தால் என்ன?' என்று கேட்கிற புத்திசாலிகளும் உண்டு. ஆர்க்கிட் விதை வெறும் தூசி மாதிரி. உள்ளே சாப்பாடு கிடையாது. மண்ணில் இருக்கிற ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். செடியைத் தொட்டிக்குக் கொண்டுவந்துவிடலாம், அந்த மண்ணை? ஆசையிருந்தால் நர்சரியில் விதைபோட்டு வளர்த்ததை வாங்கிக்கொள்ளட்டுமே.

நான் போட்ட சத்தத்தில் பையன் எல்லா இடத்திலும் படத்தை அழித்துவிட்டான். அதற்குள் முன்பின் தெரியாத நம்பரிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: 'சூப்பர் ப்ரோ. எத்தனை செடி இருக்கு?'