சாளைக்கு ஒரு சிபாரிசு

பிஸ்கட்டில் புரதம். மோரில் புரதம். ஐஸ்கிரீமில் புரதம். திருவனந்தபுரம் தம்பானூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் இந்த வாரம் ஒரு கடையில் நின்றபோது, தொங்கிய பாக்கெட்டுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரே சொல்தான் கொட்டை எழுத்தில். கையில் எடுத்துப் பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்தால் பாக்கெட்டுக்கு நாலு கிராம். ஒரு கோழிமுட்டையில் ஆறு இருக்கிறது, அதன் ஓட்டில் யாரும் எதுவும் அச்சடிப்பதில்லை.

ஒரு காலத்தில் பாக்கெட் விற்கும் இதே ஆட்கள் கடலை எண்ணெய் டின்னில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று எழுதி விற்றார்கள். எந்தத் தாவர எண்ணெயில் அது இருந்தது? பாவம், தேங்காய் எண்ணெய்தான் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றது. அந்தப் புராணத்தை இந்தப் பத்தியில் ஏற்கெனவே பாடியாயிற்று, மறுபடியும் ஆரம்பிக்கவில்லை.

என் எரிச்சலுக்குக் காரணம் மைனி, அண்ணனின் மனைவி. பழைய வாசகர்களுக்கு அவரைத் தெரியும். என் பரோட்டா எதிர்ப்புப் பத்தியைப் படித்துவிட்டு, அன்று ராத்திரியே வேண்டுமென்று பரோட்டா வாங்கிவைத்து என்னைச் சாப்பிடக் கூப்பிட்டவர். அவருக்கு எடை குறைக்கும் ஆபரேஷன் ஆகி நாலு மாதம் இருக்கும். ஸ்லீவ் என்கிறார்கள். இரைப்பையின் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை நீளக் குழாய்போல ஆக்கிவிடுவது. 100, 150 மில்லிதான் கொள்ளும், டீக்கடைக் கிளாஸ் அளவு. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுத்த அந்தப் பகுதியில்தான் என்பதால், வயிறு சுருங்குவதோடு பசியும் அடங்கிவிடுகிறது. (மாரடோனா 2005-இல் கொலம்பியாவில் செய்துகொண்டது வேறு வகை, பைபாஸ். 2012-இல் கண்ணூர் வந்து மேடையில் பந்தைத் தட்டிக் காட்டியபோது நம்மாட்கள் அவர் காலைப் பார்த்தார்கள், வயிற்றைப் பார்க்கவில்லை.)

எடை மளமளவென்று இறங்குகிறது. ஆனால் உடம்பு கொழுப்பை மட்டும் தேடிப் பிடித்துக் கரைப்பதில்லை, தசையையும் சேர்த்துத்தான் தின்கிறது. அதைத் தடுக்கத்தான் தினம் குறைந்தது 60 கிராம் புரதம் என்ற கணக்கு. ஆளைப் பொறுத்து 80 வரை சொல்வார்கள். அது போகாவிட்டால் படியேறும்போது தொடை நடுங்கும், காயம் ஆறச் சுணங்கும். மூன்றாம் மாதத்துக்குமேல் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது எடை வேகமாகக் குறைந்தாலே பலருக்கும் வரும் சங்கதி. புரதமும் இரும்புச்சத்தும் போதாவிட்டால் இன்னும் மோசம்.

சொல்வது சுலபம். டீக்கிளாஸ் அளவு வயிற்றில் 60 கிராமை எப்படி இறக்குவது? சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். தட்டில் புரதம் முதலில், காய் அடுத்து, சோறு இடம் இருந்தால். ஆட்டுக்கறி பலருக்குத் தொண்டைக்குக் கீழே கல்லாக உட்கார்ந்துவிடும். இதற்கு மேல் ஆயுசு முழுக்க வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள். அதிலும் இரும்பும் கால்சியமும் ஒன்றாக விழுங்கக்கூடாது, நடுவே இரண்டு மணி நேரம் விட வேண்டும்.

“தம்பி, நான் திங்கது சாப்பாடு இல்ல கேட்டியளா, கணக்குப் பரீட்சை” என்றார் மைனி.

பவுடர் கலக்கிக் குடித்தால் என்ன என்பீர்கள். டயட்டீஷியனும் அதைத்தான் சொன்னார், முதல் வாரங்களில் வேறு வழியும் கிடையாது. வெறும் திரவம்தான் உள்ளே போகும். ஆனால் 2024 மே மாதம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி நூல், உடம்பு வளர்க்கப் புரதப் பவுடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அண்ணன் அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு மைனியின் டப்பாவை முறைக்க ஆரம்பித்தார். அந்த அறிவுரை, முழு வயிறோடு ஜிம்முக்குப் போகிற பையனுக்கு. முக்கால் வயிறு போனவருக்கு அல்ல. இதை அண்ணனுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது.

அண்ணன் பயப்பட வேறு நியாயமான காரணம் இருந்தது, அது அவர் கண்ணில் படவில்லை. அதே 2024-இல் ஆலுவா ராஜகிரி மருத்துவமனையின் கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸும் கூட்டாளிகளும், இந்தியக் கடைகளில் விற்கும் 36 புரதப் பவுடர்களை வாங்கிச் சோதித்து ‘மெடிசின்’ என்ற ஆய்விதழில் எழுதினார்கள். யாரிடமும் காசு வாங்கவில்லை, சொந்தச் செலவு. ஏறக்குறைய 70 சதவீத டப்பாக்களில் எழுதியிருந்த புரத அளவு உண்மையில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் பூஞ்சை நஞ்சான அஃப்லாடாக்சின், 8 சதவீதத்தில் பூச்சிமருந்தின் மிச்சம்.

புரதத்தை வழக்கமாக நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள். நைட்ரஜன் உள்ள மலிவான சரக்கு எதைக் கலந்தாலும் கணக்கில் புரதமாக ஏறிவிடும். 2008-இல் சீனத்துப் பால் பவுடரில் மெலமின் கலந்தது இந்த ஓட்டைக்குள் புகுந்துதான். அன்றைக்கு ஏமாந்தவை கைக்குழந்தைகள். இன்றைக்கு மைனி டப்பாவில் 24 கிராம் என்று போட்டிருப்பதை நம்பி நோட்டில் 24 என்று எழுதினால், உள்ளே போனது 12-ஆகவும் இருக்கலாம்.

ஆகவே வாயால் மென்று தின்னும் சாப்பாட்டிலேயே முடிந்தவரை தேற்றுவது என்று முடிவாயிற்று. மறுபரிசோதனைக்காக நாகர்கோவிலிலிருந்து வந்திறங்கியவரைக் கூட்டிக்கொண்டு தம்பானூரில் அலைந்தபோதுதான் இந்த ஊர் எவ்வளவு பெரிய மாவு ராஜ்யம் என்று தெரிந்தது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பரோட்டா, பழம்பொரி, புட்டு, அப்பம், பஃப்ஸ், பன். இட்லி ஒன்றுக்குச் சுமார் 2 கிராம் புரதம். அறுபதுக்கு முப்பது இட்லி வேண்டும். புட்டோடு வரும் கடலைக் கறியிலோ கஞ்சியோடு வரும் சிறுபயறிலோ விஷயம் இருக்கிறது. அரிசியில் குறையும் லைசினைப் பயறு கொடுக்கும், பயறில் குறையும் மெத்தியோனினை அரிசி கொடுக்கும். நல்ல ஜோடிதான். ஆனால் ஒரு கிண்ணம் பயறில் தேறுவது ஏழெட்டு கிராம், அதற்குள் மைனிக்கு வயிறு கழுத்துவரை வந்துவிடும்.

கடைசியில் இந்தியன் காபி ஹவுஸ்தான் காப்பாற்றியது. லாரி பேக்கர் செங்கல்லால் சுருட்டி நிறுத்திய கட்டிடம். மாடிப்படி கிடையாது, தரையே சரிந்து சுற்றிச் சுற்றி மேலே போகும். மேசையும் பெஞ்சும் கட்டிடத்தோடு சேர்த்துக் கட்டியவை. முதல் சுற்று முடிவதற்குள் மைனிக்கு அன்றைய உடற்பயிற்சி முடிந்தது. முட்டை ரோஸ்ட் மட்டும் போதும், அப்பம் வேண்டாம் என்றதற்கு விசிறித் தலைப்பாகை அணிந்த பணியாளர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு முட்டை, 12 கிராம். அரைமணி நேரம் மென்றார். பில்லைக் கொண்டுவந்து வைத்து யாரும் எழுப்பிவிடவில்லை. காபி போர்டு வேலையை விட்டு அனுப்பிய தொழிலாளர்களை ஏ.கே. கோபாலன் கூட்டுறவாகத் திரட்டி, 1958-இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடையைத் திறந்த கதை நீங்கள் அறிந்ததே. முதலாளி இல்லாத இடத்தில் மெதுவாக மெல்லலாம் போலிருக்கிறது.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் மைனி சொன்னார். “முட்டை அலுத்துப்போச்சு தம்பி. சாளை கிடைக்குமா?”

அவ்வளவுதான். புரத பிஸ்கட்டைத் திட்டுவதற்காக எடுத்த பேனா இது. ஆனால் சாளை என்ற பெயர் காதில் விழுந்த பிறகு வேறு எதையும் எழுத எனக்கு மனம் வராது என்பது என் ஆசிரியருக்கே தெரியும்.

நூறு கிராம் சாளை மீனில் சுமார் 20 கிராம் புரதம். நார் இல்லாத, வாயில் வைத்ததும் உதிரும் சதை. நடுமுள்ளை உருவினால் போதும். குக்கரில் கொஞ்சம் கூடுதலாக வேகவைத்தால் அந்த முள்ளும் மாவாகிக் கால்சியம் ஆகிவிடும். மைனியின் கிளாஸ் வயிற்றுக்காகவே அளவெடுத்த மாதிரி இருக்கிறது.

ஆனால் இந்த மீனுக்கு இலக்கியத்தில் இடம் கிடையாது. தகழி 1956-இல் நாவல் எழுதினார், தலைப்பு செம்மீன், அதாவது இறால். சுந்தர ராமசாமி அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1965-இல் ராமு காரியாட் படமெடுத்து ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கினார். புகழ் முழுக்க ஏற்றுமதியாகிக் கப்பலேறும் இறாலுக்கு. கரையில் இருந்தவர்கள் தின்று உயிர் வாழ்ந்தது சாளையை. வாசகர் ஒருவர் போன தடவை இதற்காக என்னைக் கோபித்துக் கடிதம் போட்டிருந்தார், சாளை என்று தலைப்பு வைத்தால் அந்த நாவலின் நாயகி கறுத்தம்மா எப்படிக் காதலிப்பாள் என்று. ஏன், காதலிக்க மாட்டாளா?

திருவிதாங்கூர் இரண்டு பஞ்சங்களைத் தாண்டியிருந்தால் அதில் ஒன்றையாவது மரச்சீனியும் சாளையும்தான் தாண்டவைத்தன. போர்த்துக்கீசியர் மூலம் வந்த மரச்சீனிக் கிழங்கை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கப்படுத்திப் பரப்பினார். ஜனங்கள் தயங்கியபோது, அரண்மனையில் வேகவைத்துத் தானே தின்று காட்டினார் என்று ஒரு கதை உண்டு. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. வெளி அரிசியை நம்பியிருந்த சமஸ்தானம் கிழங்குக்குத் திரும்பியது. சர் சி.பி. திவானாக இருந்த அந்த நாட்களில் கிழங்கு தின்று வளர்ந்த தலைமுறைதான் எங்கள் அப்பாவின் தலைமுறை.

கிழங்கில் புரதம் நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோ. வெறும் மாவு. போதாததற்குச் சயனைடு தரும் சரக்கும் அதில் இருக்கிறது. அதனால்தான் நறுக்கி, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோம். மிச்சம் மீதியை உடம்பு தானே முறிக்கும், ஆனால் அதற்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் தேவை. அவை இருப்பது புரதத்தில். ஆப்பிரிக்காவில் பஞ்ச காலங்களில் சரியாகப் பக்குவப்படுத்தாத கிழங்கை மட்டுமே தின்ற கிராமங்களில் கான்சோ என்று கால் முடங்கும் நோய் வருகிறது. நம் கரையில் மரச்சீனிச் சட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சாளைக்கறிச் சட்டி இருந்தது. ருசிக்காக வைத்தார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கிழங்கின் நஞ்சை முறிக்க உடம்பு கேட்ட சரக்கு அந்தச் சட்டியில்தான் இருந்தது, அதுவும் கையில் காசில்லாதவர்களுக்கு எட்டும் விலையில்.

அந்த விலைதான் இப்போது நம்பமுடியாததாகிவிட்டது. கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கில், 2012-இல் கேரளக் கரைக்கு வந்த சாளை ஏறக்குறைய 4 லட்சம் டன். 2021-இல் 3,297 டன். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எல் நீனோ, கடல் சூடு, குஞ்சோடு அரித்த வலை என்று பல காரணம் சொல்கிறார்கள். பிறகு மெல்லத் திரும்பிவந்தது, 2024-இல் ஒன்றரை லட்சம் டன்னை நெருங்கியது. ஆனால் அதே 2024 ஜூனில் கிலோ 400 ரூபாயைத் தொட்டது. ஒரு காலத்தில் தென்னை மூட்டில் உரமாகப் போட்ட மீன்! வந்தவற்றிலும் நிறைய விரல் நீளம்தான். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைப் பிடிக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சந்தைக் கூடையில் ஸ்கேல் வைத்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை, மீன்காரம்மாவின் வாய் அப்படி.

அவர்களைப் பற்றியும் ஒரு வரி. மீன் நாற்றம் என்று பஸ்ஸில் ஏற்றாமல் விரட்டப்பட்டவர்கள் இந்தப் பெண்கள். அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்து நடந்தார்கள், அல்லது ஆட்டோவுக்கு லாபத்தைக் கொடுத்தார்கள். 2021-இல்தான் ‘சமுத்ரா’ என்று அவர்களுக்கென்றே இலவச அரசு பஸ் விட்டார்கள். நகரத்தின் புரதக் கணக்கை இவ்வளவு காலம் தலையில் சுமந்தவர்களுக்கு ஒரு சீட்டு கொடுக்க அத்தனை வருஷம்.

அன்று மைனிக்குச் சாளை கிடைத்தது. பாளையம் சந்தையில், நடுத்தர அளவில், கண் தெளிந்து. குடம்புளி போடலாம் என்றேன். மாங்காய்தான் என்றார். ஆபரேஷன் அவருக்கு, எனவே மாங்காய். மிளகாயைக் குறைத்து, தேங்காய் அரைத்து, குழம்பைக் கெட்டியாக வற்றவைத்து. மூன்று மீன் சாப்பிட்டார், சதை எப்படியும் 80 கிராம் தேறும், நோட்டில் 16 என்று எழுதினார். பக்கத்தில் மரச்சீனி இரண்டு துண்டு. அதில் ஒன்றைத்தான் முடித்தார், அதுவும் எனக்காக. எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். பைபாஸ் செய்துகொண்ட ஒருவருக்குக் குழம்பின் எண்ணெயே வயிற்றைக் கலக்கும். கிராம் கணக்கை அவரவர் டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பத்தி எழுதுகிறவனிடம் வேண்டாம்.

ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை இங்கே இழுவலைப் படகுகளுக்கு 52 நாள் தடை. நாட்டுப் படகுகள் போகும், கடல் விட்டால். விடாத நாளில் விலை எங்கே நிற்கும் என்று தெரியாது. அதற்காக மைனி நெத்திலிக் கருவாடு வாங்கிப் போட்டிருக்கிறார், சிறுபயறு ஐந்து கிலோ சொல்லி வைத்திருக்கிறார். அண்ணன் முறைத்த பவுடர் டப்பாவையும் தூக்கிப் போடவில்லை. மூடியை இறுக்கி அலமாரியில் வைத்திருக்கிறார். காலாவதி ஆகஸ்ட் என்று போட்டிருக்கிறதாம்.