கிருமியின் எழுத்தைப் படிக்கும் நிரல்

ஆன்டிபயாட்டிக்கிற்கு ஒரு பாக்டீரியா கட்டுப்படுமா, கட்டுப்படாதா என்பது பெரும்பாலும் அதன் மரபணுத் தொகுதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நிமோனியாவையும் ரத்தத் தொற்றையும் உண்டாக்கும் கிளெப்சியெல்லாவின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 55 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் உள்ளன. காஞ்சிபுரத்துத் தறியின் ஜக்கார்டு அட்டையில் துளை விழுந்த இடமே கரையின் கொடியையும் மயிலையும் தீர்மானிக்கிறது. அதுபோல, இந்த எழுத்துகளின் வரிசையே பாக்டீரியாவின் இயல்பைத் தீர்மானிக்கிறது.

ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது, ஒரு துளை இடம் மாறுவது போன்றது. காசநோய்க் கிருமியில் ஆர்பிஓபி மரபணுவின் 81 எழுத்துகள் கொண்ட பகுதியில் ஓர் எழுத்து மாறினாலே ரிஃபாம்பிசின் மருந்து பயனற்றுப் போகலாம். இரண்டாவது, வேறொரு தறியின் அட்டைகளைக் கொண்டுவந்து தொடுப்பது போன்றது. பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையம், எதிர்ப்பு மரபணுக்களை ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்கிறது.

இந்த இரண்டாவது வழியின் ஆபத்தைச் சென்னை நேரில் கண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த ஆய்வு 2010இல் வெளியானது. சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் என்டிஎம்-1 மரபணு இருப்பதை அது காட்டியது. 813 எழுத்துகளே கொண்ட இந்த மரபணு, கடைசிக் கட்டத்தில் கொடுக்கப்படும் கார்பபெனெம் மருந்துகளையே சிதைத்துவிடுகிறது. 2012இல் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பைக் கட்டுப்படுத்துவதற்கான சென்னைப் பிரகடனம் உருவானது. முக்கிய ஆன்டிபயாட்டிக்குகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்1 அட்டவணை 2014இல் நடைமுறைக்கு வந்தது.

55 லட்சம் எழுத்துகளில் இந்த 813ஐக் கண்ணால் தேட முடியாது. அதற்கு நிரல் வேண்டும். வரிசைப்படுத்தும் கருவி, டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகவே படித்துத் தருகிறது. நிரல் முதலில் பிழையான துண்டுகளைக் கழிக்கிறது. பிறகு, ஒன்றின் முடிவும் இன்னொன்றின் தொடக்கமும் பொருந்தும் இடங்களைக் கண்டு அவற்றை நீண்ட தொடர்களாக இணைக்கிறது. கார்டு, ரெஸ்ஃபைண்டர் போன்ற தரவுத்தளங்களோடு ஒப்பிட்டு, எதிர்ப்பு மரபணுக்களைப் பட்டியலிடுகிறது. இரண்டு நோயாளிகளின் கிருமிகளுக்கிடையே சில எழுத்துகளே வேறுபட்டால், தொற்று ஒரே இடத்திலிருந்து பரவியிருக்கக்கூடும் என்பதும் தெரிகிறது. மருந்தை மாற்றுவதற்கு மட்டுமல்லாமல், வார்டில் பரவலை நிறுத்தவும் இது உதவும்.

இதற்கு எல்லையும் உண்டு. தரவுத்தளத்தில் இல்லாத புதிய எதிர்ப்பு, நிரலின் கண்ணில் படாது. மரபணு இருந்தும் செயல்படாமல் இருப்பதுண்டு. ஆகவே, கிருமியை வளர்த்து மருந்தைச் சோதிக்கும் கல்ச்சர் பரிசோதனையைக் கைவிட முடியாது.

காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்த நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக்கே அரண். அந்த அரண் எங்கே விரிசல் விடுகிறது என்பது இத்தகைய ஊர்களின் மாதிரிகளிலிருந்துதான் தெரியவரும். கரோனா வைரஸைப் படிக்க 2021இல் மாநில அரசு சென்னையில் மரபணு வரிசைப்படுத்தும் ஆய்வகத்தைத் திறந்தது. அந்த அனுபவத்தைப் பாக்டீரியாவுக்கும் விரிவாக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளின் கல்ச்சர் மாதிரிகள் முறையாக அங்கே சேர வேண்டும். இந்தப் பணிக்கான மென்பொருள்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை இயக்கவும் முடிவைச் சரிபார்க்கவும் தெரிந்தவர்களே இனித் தேவை. நுண்ணுயிரியல் பாடத்தில் நுண்ணோக்கிக்கு இணையாகப் பைத்தான் நிரலாக்கமும் இடம்பெற்றால், அவர்கள் நம் கல்லூரிகளிலிருந்தே வருவார்கள்.