திருச்சி ஒரு மணி நேரம், கட்டுநாயக்க ஆறு மணி நேரம்

கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 420 கிலோமீற்றர். விமானம் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. சென்னை 645 கிலோமீற்றர். அதற்கு மேலும் கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆகலாம். பலாலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோமீற்றர்தான். ஆயினும் 2019இல் அச்சேவையைத் தொடங்கியது வேகங்குறைந்த சுழல்விசிறி விமானமாதலால், பாதித் தூரத்துக்கும் ஏறக்குறைய அதே நேரம் பிடித்தது. தூரத்தை வைத்து நேரத்தைக் கணிக்க முடியாது என்பதை எங்கள் மலைக்காரர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உடப்புசல்லாவையிலிருந்து புறப்படுபவர் இராகலை, கந்தப்பளை வழியாக நுவரெலியாவை அடைந்து, இறம்பொடை வளைவுகளில் இறங்கி, கம்பளையைக் கடந்து கட்டுநாயக்க சேர ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. விமான நிலையத்திலோ மூன்று மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். மழைக்காலமென்றால் முதல் நாளே இறங்கிவிடுவது புத்தி. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது மண்சரிவுகளால் நுவரெலியாவின் பாதைகள் துண்டுபட்டுக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கு உல்லாசப் பிரயாணிகளுக்கானதன்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் தீர்மானித்தது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று லயன்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலர் மீண்டும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தனர். கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களுக்கென்றே தமிழக அரசு தோட்டங்களை உருவாக்கியது. ஆகவே திருச்சியில் இறங்கிய பின்னும் பிரயாணம் முடிவதில்லை. அங்கும் பகல் முழுதும் பஸ், மறுபடியும் மலையேற்றம். ஒரு மணி நேரப் பறத்தலுக்கு இருபுறமும் சேர்த்து இருபது மணி நேரம்! விசாவுக்கு அலைவது வேறு.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஓர் அக்காவுக்குக் கோத்தகிரியிலிருந்து அண்ணனின் மரணச் செய்தி விடியற்காலையில் வந்தது. பெரட்டுக்குப் போகாமல் லயத்து வாசலில் உட்கார்ந்து, பேரனின் கைத்தொலைபேசியில் அடக்கத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரந்தான்னு சொல்றாங்களே ஐயா" என்று என்னிடம் கேட்டார். என்ன சொல்வது?

மலையகத்துக்கு விமான நிலையம் கேட்கவில்லை. 2013இல் மத்தளையில் ஒன்றைத் திறந்துவிட்டுப் பயணிகளைத் தேடியது போதும். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை விமானம் இறங்கிய காலமும் உண்டு. அதில் வந்தவர்கள் கொழுந்து பறிப்பவர்கள் அல்லர். தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்காக நானுஓயாவிலிருந்து இராகலை வரை 1904இல் குறும்பாதை ரயிலே ஓடியது. உடப்புசல்லாவைப் பாதை என்றே அதற்குப் பெயர். பெட்டிக்கு ரயில் விட்ட மலையில் மனிதருக்கு ஒரு பஸ் விடக் கூடாதா?

திருச்சி, சென்னை விமானங்களின் நேரம் பார்த்து, இராகலையிலிருந்து நுவரெலியா வழியாக ஒன்றும், அட்டனிலிருந்து ஒன்றுமாக இரண்டு நேரடி இ.போ.ச. இரவுச் சேவைகளை நடத்தலாம். இன்றுள்ளபடி கண்டியில் இறங்கி மாற வேண்டும். அல்லது நான்கு குடும்பங்கள் சேர்ந்து வான் பிடிக்க வேண்டும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் நம் பெண்களும் இந்தப் பாதையிலேயே இறங்குகிறார்கள். நுவரெலியா மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைக் கேட்கலாம்.