தவில்காரரைப் பார்த்துச் சிரிக்கலாம், தவிலையும் கேட்டுவிட்டு

இன்று பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாழைப்பழக் காமெடி மறுபடியும் ஒரு சுற்று வந்தது. எத்தனையாவது தடவையோ, நானும் சிரித்தேன். பிறகு வீட்டில் இருந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "அந்தப் படத்தில் கவுண்டமணிக்கு என்ன தொழில்?" பழம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பழைய கார் ஞாபகம் இருக்கிறது. அவர் தவில்காரர் என்பது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

'கரகாட்டக்காரன்' 1989இல் வந்த படம். கங்கை அமரன் இயக்கம், இளையராஜா இசை, ராமராஜனும் கனகாவும் ஆட்டக் கலைஞர்கள். கவுண்டமணி அந்தக் குழுவில் தவில் அடிப்பவர். ஆனால் அந்தச் சிரிப்பில் தவிலுக்கு ஒரு வேலையும் இல்லை. அவரைச் சைக்கிள் கடைக்காரர் ஆக்கியிருந்தாலும் அதே பழம்தான், அதே அடிதான். நான் குறை சொல்லவில்லை. கவுண்டமணியும் செந்திலும் பெரிய கலைஞர்கள். தவில் அங்கே கழுத்தில் தொங்கிய ஒரு அலங்காரம், அவ்வளவுதான் சொல்கிறேன்.

இதற்கு 21 வருடம் முன்னால் போங்கள். 1968, 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் படமாக எடுத்தார். சிவாஜி நாதஸ்வரம். பின்னணியில் உண்மையாக வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். பக்கத்தில் தவிலோடு டி.எஸ்.பாலையா, முத்துராக்கு என்ற பாத்திரம். படம் முழுக்க அவர் நம்மைச் சிரிக்க வைக்கிறார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். மூக்குக்கு மேல் கோபம் வரும் ஒரு வித்வானுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பது லேசான காரியமா? அவர் முகம் பார்த்து, மனம் அறிந்து, எப்போது அடிக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். மேடையில் செய்கிற அதே வேலையை முத்துராக்கு மேடைக்கு வெளியிலும் செய்கிறார். அதுதான் அங்கே நகைச்சுவை. ரயில் காட்சியில் பாலையாவின் முகத்தைப் பாருங்கள். பிறகு, நாயகன் காயம்பட்டுத் தேறி வந்து வாசிக்கும் கச்சேரியில் அதே முகத்தைப் பாருங்கள். சிரித்த நமக்கே தொண்டை அடைக்கும்.

இன்னொன்று, 'சிந்து பைரவி', 1985. டெல்லி கணேஷ் மிருதங்கக்காரர், குடிப்பழக்கம் உள்ளவர். முதலில் அது சிரிப்பாகத்தான் போகிறது. குடித்துவிட்டு வந்த அன்று பாடகர் அவரை ஒதுக்கிவிட்டு மிருதங்கமே இல்லாமல் கச்சேரி செய்கிறார். அங்கே அரங்கம் அமைதியாகிவிடும். ஒரு வாத்தியக்காரனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை என்று பாலசந்தருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆக, என் கருத்து இதுதான். மேளக்காரரை வைத்துத் தாராளமாகச் சிரிப்புப் படம் எடுக்கலாம். ஆனால் படத்தில் ஒரு தடவையாவது அவரை வாசிக்க விட வேண்டும். அந்த வித்தை பெரிது என்று காட்டிவிட்டால், அப்புறம் எவ்வளவு கேலி செய்தாலும் வலிக்காது.

நம் படங்கள் பலவற்றில் அது நடப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் யாரோ எதற்கோ விரலை ஆட்டுவார், மேளக்காரர்கள் உடனே கெட்டிமேளம் கொட்டிவிடுவார்கள். இல்லையென்றால் தவிலில் தலை சாய்த்துத் தூங்குவார்கள். அவ்வளவுதான் அவர்களுக்குக் கொடுக்கும் இடம்.

"சினிமாதானே சார், இதில் என்ன இருக்கிறது?" என்று சிலர் எழுதுவீர்கள். எனக்குத் தெரியும். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், பெயர் வேண்டாம். அப்பா தவில் வித்வான். படிவத்தில் 'தந்தை தொழில்' என்ற இடத்தில் ஒவ்வொரு வருடமும் 'விவசாயம்' என்று எழுதுவான். அவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. காரணம் கேட்டேன். "டும்டும்னு கூப்பிடுவாங்க சார்" என்றான். பிள்ளைகள் அந்தக் கேலியைப் பாடப்புத்தகத்திலிருந்து கற்கவில்லை. மேளம் அடிப்பவரைச் சாதி சொல்லித் தள்ளி வைத்தது நம் ஊர்தான். பறை அடித்தவருக்கு நடந்தது அதைவிடக் கொடுமை. ஏற்கெனவே புண் இருக்கும் இடத்தில் விழுகிற கேலி இது.

அந்தத் தொழில் என்ன என்று தெரிந்துகொண்டு சிரியுங்கள். பலா மரத்தைக் குடைந்து செய்வது தவில். வலது பக்கம் விரல்களில் கெட்டியான கூடு மாட்டி அடிக்க வேண்டும். இடது பக்கம் கழி. இரண்டு கையும் இரண்டு விதமாகப் பேச வேண்டும். சாமி புறப்பாட்டில் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே வாசிக்க வேண்டும். ராஜரத்தினம் பிள்ளைக்கு வாசித்த நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி போன்றவர்கள் தவிலுக்காகவே கூட்டம் கூட வைத்தவர்கள். பறையை எடுத்துக்கொண்டால், மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்தியைப் படித்ததும் எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

இப்போது உங்களிடம் இரண்டு வேண்டுகோள். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் அழைப்பிதழில் நாதஸ்வரம், தவில் வாசிப்பவர்களின் பெயரைப் போடுங்கள். அந்தக் காலத்தில் போட்டார்கள். இப்போது மண்டபம் அலங்காரம் செய்பவர் பெயர் இருக்கிறது, இவர்கள் பெயர் இல்லை. அவர்களைக் கடைசிப் பந்தி வரை காத்திருக்க வைக்காமல் நேரத்துக்குச் சாப்பிட உட்கார வையுங்கள்.

இரண்டாவது, இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து 'தில்லானா மோகனாம்பாள்' பாருங்கள். சிவாஜியையும் பத்மினியையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பாலையாவின் கையைப் பாருங்கள்.

மேளக்காரர் வரும் நல்ல சிரிப்புப் படம் வேறு ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள். உங்கள் ஊர்த் தவில் வித்வான் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் சரி, திட்டமாட்டேன். பிரம்பை எப்போதோ கீழே வைத்துவிட்டேன்.