கம்ப்யூட்டருக்கு அஞ்சறைப்பெட்டியா, பரணா?

மூத்த பெண் பி.காம். சேர்ந்திருக்கிறாள். புதுக் கம்ப்யூட்டர் வேண்டுமாம். கடைக்குப் போனோம். கடைப் பையன், "மேடம், ஹார்டு டிஸ்க் 1 டிபி போடட்டுமா, இல்லே எஸ்.எஸ்.டி. 500 ஜிபி போடட்டுமா? கிட்டத்தட்ட ஒரே விலைதான்" என்றான். "எது அதிகமோ அதைப் போடுப்பா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். நல்லவேளை, தம்பி கூட வந்திருந்தான். "ஏன்க்கா, அரிசியா வாங்கறே?" என்று கேட்டானே பார்க்கலாம்!

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், சகோதரிகளே. ஹார்டு டிஸ்க்கினுள் பளபளவென்று தட்டுகள் இருக்கின்றன. அவை நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றும். கிராமபோன் முள் மாதிரி ஒன்று, ஆனால் தட்டில் படாமலே, அதன் மேல் ஓடி எழுதும், படிக்கும். இடம் தாராளம், விலை சல்லிசு. ஆனால் பரண் மேல் ஏறி அண்டா எடுக்கிற கதைதான், நேரமாகும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற சமாசாரமே இல்லை, எல்லாம் சில்லு. அடுப்புப் பக்கத்து அஞ்சறைப்பெட்டி போல, கை நீட்டினால் கடுகு! ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி படித்தால், சாட்டா எஸ்.எஸ்.டி. 500 எம்பி படிக்கும். என்.வி.எம்.இ. என்கிற வகை 3000க்கும் மேலே! கடிதம் எழுத, கணக்குப் போட, படம் பார்க்க இந்தப் பின்னிரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறுவதுதான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒன்றில் மட்டும் உஷாராக இருங்கள். சூயிங்கம் பட்டை போல் மெல்லிசாக எம்.2 என்று தருவார்கள். அதில் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்! உங்கள் மதர்போர்டு எதை ஏற்கும் என்று கேட்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

1 டிபி வாங்கினால் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும். பால்காரர் தண்ணீர் கலந்த கதையில்லை இது. கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

சரி, என் மனசை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 2016இல் என் மாமனாரின் சதாபிஷேகம். அன்று சாயங்காலம் பேரன் பேத்திகளை உட்கார்த்தி வைத்து, தன் கிராமத்துக் கதையெல்லாம் சொன்னார். முக்கால் மணி நேரம். அத்தனையும் வீடியோவாகப் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. 2018இல் அவர் போய்விட்டார். 2021இல் கம்ப்யூட்டர் 'டக், டக்' என்று சத்தம் போட்டது. ஃபேனில் தூசி என்று நினைத்து விட்டுவிட்டோம். பத்தே நாள்! அப்புறம் அது கண்ணே திறக்கவில்லை. ரிப்பேர் கடையில், "தட்டிலே கீறல் விழுந்துடுச்சும்மா, ஒண்ணும் எடுக்க முடியாது" என்று கையை விரித்துவிட்டார்கள். மாமியார் இன்றைக்கும், "அவர் பேசினாரே, அதைப் போடேன்" என்பார். அடுப்பைப் பார்க்கிற சாக்கில் நான் எழுந்து போய்விடுவேன்.

"அப்படீன்னா எஸ்.எஸ்.டி.ன்னா பயமில்லையே?" என்று தம்பியைக் கேட்டேன். "அட போக்கா! ஹார்டு டிஸ்க் பல சமயம் சத்தம் போட்டாவது சொல்லும். இது மூச்சு விடாமலே போயிடும்" என்றான்.

ஆகையால் நாங்கள் செய்தது இதுதான். கம்ப்யூட்டருக்குள்ளே 500 ஜிபி எஸ்.எஸ்.டி. பெரிசாக ஒன்று போட வைத்திருந்த மீதிப் பணத்தில், வெளியே செருகுகிற 1 டிபி ஹார்டு டிஸ்க் தனியாக. அதையே ஏன் எஸ்.எஸ்.டி.யாக வாங்கவில்லை என்கிறீர்களா? மின்சாரமே காட்டாமல் வருஷக் கணக்கில் அலமாரியில் போட்டால் எஸ்.எஸ்.டி.யில் உள்ளது அழிய வாய்ப்புண்டாம். ஹார்டு டிஸ்க்கையும் அடிக்கடி போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். கீழே மட்டும் போடக்கூடாது.

மாதத்தின் முதல் ஞாயிறு, பெண் எல்லாவற்றையும் அதில் நகல் எடுக்கிறாள். பிறகு அது பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் போய்விடும். போன ஞாயிறு மாமியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "என்னையும் பேச வெச்சுப் புடிச்சு இதுல போட்டு வைடி கண்ணு" என்றார் பேத்தியிடம். மத்தியானமே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்.